கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட்: எல்லோரும் கேட்ட, யாருக்கும் பெயர் தெரியாத டிரம்மர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்தக் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட்? பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க ராப் பாட்டுகளைக் கொஞ்சமாவது கேட்டவர் என்றால், அவற்றுக்கு அடியில் ஓடுகிற டிரம்ஸ் பல இடங்களில் இவருடைய கைதான். 1969இல் இவர் வாசித்த சுமார் 20 விநாடித் துண்டு ஒன்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாக மறுபயன்பாடு செய்யப்பட்ட டிரம்ஸ் துண்டுகளைப் பட்டியலிட்டால் அதன் உச்சியில் வரும் இரண்டு மூன்றில் இது நிச்சயம் இருக்கும்.

ஆள் 1943 ஏப்ரல் 18இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகா நகரில் பிறந்தவர். ஃபங்க் இசையின் தலைமகன் ஜேம்ஸ் பிரவுனிடம் 1965 முதல் ஐந்தாறு வருடம் டிரம்ஸ் வாசித்தார். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இருந்தார். 2017 பிப்ரவரி 18இல் சிறுநீரகம் செயலிழந்து காலமானார். வயது 73.

ஃபங்க் என்றால் என்ன? ராக், டிஸ்கோ மாதிரி அதுவும் ஒன்றா?

எளிதாகச் சொன்னால் மெட்டைவிடத் தாளம் முக்கியமான இசை. 1960களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பின இசையில் பிறந்தது. அதற்கு முந்தைய சோல் இசையில் பாடகரின் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் பின்னால் நிற்கும். ஜேம்ஸ் பிரவுன் இதைத் தலைகீழாக்கினார். கிடார், பேஸ், சாக்ஸபோன், டிரம்பெட் எல்லாமே தாள வாத்தியமாகிவிட்டன. ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு விலகிக்கொள்ளும். அவருடைய கிடாரும் டிரம்மைப் போலத்தான் ஒலிக்கும்.

பிரவுன் தன் ஆட்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: முதல் தட்டு. நான்கு எண்ணிக்கையில் 'ஒன்று' விழும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். மற்ற மூன்றில் யார் என்ன சேட்டை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நம்மூரில் தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் போதும் என்பார்களே, ஏறக்குறைய அந்தக் கதைதான்.

எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டார்?

யாரிடமும் இல்லை. சிறுவனாக ஒரு ஊர்வலத்தில் டிரம்ஸ் வாசிப்பவர்களைப் பார்த்து ஆசை வந்தது என்று சொல்லியிருக்கிறார். சட்டனூகா தொழிற்சாலைகள் நிறைந்த ஊர், ரயில் பாதைகள் பின்னிக்கிடந்த ஊர். தொழிற்சாலை இயந்திரம் காற்றை உமிழ்ந்து அடிக்கிற சத்தம், தண்டவாளத்தில் ரயில் ஓடுகிற சத்தம், இவற்றோடு சேர்ந்து தட்டித் தட்டித்தான் கை பழகியது என்பது அவரே பல பேட்டிகளில் சொன்னது.

இதை நான் முதலில் படித்தபோது, கலைஞர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அலங்காரக் கதைகளில் ஒன்று என்றுதான் நினைத்தேன். அப்புறம் அவருடைய வாசிப்பை உட்கார்ந்து கேட்டபோது கருத்து மாறிவிட்டது. மனிதர்கள் எண்ணி வாசித்தால் முதல் தட்டுக்கும் நாலாவது தட்டுக்கும் தெரியாமல் ஒரு அழுத்தம் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் இவரிடம் இல்லை. இயந்திரம் ஓடுகிற மாதிரி அடியில் ஒரே சீராக ஓடுகிறது, மேலே மட்டும் ஆள் பேசுகிறார்.

இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பதின்ம வயதிலேயே தொழில்முறையாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ப்ளூஸ் கிடாரிஸ்ட் எடி கர்க்லண்ட், சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் இருவரோடும் ஊர் ஊராகப் போய் வாசித்தார்.

ஜேம்ஸ் பிரவுனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார்?

1965இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேகன் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது பிரவுன் அவருடைய வாசிப்பைக் கேட்டார், அழைத்துக்கொண்டார். போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஒன்றுக்கு மேற்பட்ட டிரம்மர்கள் இருந்தார்கள். நமக்கு இங்கே என்ன வேலை என்று திகைத்துப் போனாராம். நாளடைவில் மற்றவர்கள் கழன்றுகொள்ள, இரண்டு பேர் நின்றார்கள்: இவரும், ஜான் ஸ்டார்க்ஸும். ஸ்டார்க்ஸை எல்லோரும் ஜாபோ என்பார்கள்.

ஒரே குழுவில் இரண்டு டிரம்மர் எதற்கு?

முதல் காரணம் உடம்பு. பிரவுனின் நிகழ்ச்சி மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும், ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இருக்காது. இரண்டாவது காரணம் ருசி. அலபாமாக்காரரான ஜாபோ, பாபி பிளாண்ட் என்ற ப்ளூஸ் பாடகரிடம் வாசித்துவிட்டு வந்தவர். அவர் வாசிப்பு நேர்கோடு மாதிரி, சிந்தாது சிதறாது. கிளைட் அந்தக் கோட்டைச் சுற்றிப் பின்னுகிறவர். எந்தப் பாட்டுக்கு எவர் என்பது பிரவுனுக்குத் தெரியும்.

இருவருக்கும் போட்டி இருந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பல வருடம் கழித்து இருவரும் சேர்ந்து ஃபங்க்மாஸ்டர்ஸ் என்ற பெயரில் ஒன்றாக வாசித்தார்கள், ஒரு ஆல்பமும் போட்டார்கள். கிளைட் இறந்து ஒரு வருடம் சொச்சத்தில், 2018 மே 1இல் ஜாபோவும் போய்விட்டார்.

பிரவுன் தன் ஆட்களுக்கு அபராதம் போடுவாராமே, உண்மையா?

உண்மைதான். ஷூ பளபளக்காவிட்டால் அபராதம், சட்டை கசங்கியிருந்தால் அபராதம், ஒரு அடி தப்பினால் அபராதம். மேடையில் ஆடிக்கொண்டே, பார்வையாளருக்குத் தெரியாமல், திரும்பி விரல்களை விரித்துக் காட்டுவார். பார்ப்பவர்களுக்கு அது நடன அசைவு. குழுவுக்கு அது சம்பளப் பிடித்தம்.

1970 மார்ச்சில், சம்பளத் தகராறில் குழுவின் பெரும்பகுதி ஒட்டுமொத்தமாக வெளியேறியது. பிரவுன் சளைக்கவில்லை. சின்சினாட்டியிலிருந்து பேஸ் கிடாரிஸ்ட் பூட்ஸி காலின்ஸ் உள்ளிட்ட இளைஞர் குழுவை வரவழைத்து அவர்களை மேடையேற்றிவிட்டார். பிரவுனை மேதை என்று சொல்லும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய கண்டிப்பு இல்லாமல் அந்த இசை இல்லை. அந்தக் கண்டிப்புக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

கிளைட் வாசித்த முக்கியமான பாட்டுகள் எவை?

முதலில் 1967இன் 'கோல்ட் ஸ்வெட்'. ஃபங்க் இங்கேதான் பிறந்தது என்று வரலாறு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். மே மாதம் சின்சினாட்டியில் பதிவானது. கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் வரவேற்புப் பட்டியலில் முதலிடம், பாப் பட்டியலில் 7வது இடம்.

இதில் கிளைட் செய்தது ஒரு சின்ன வேலை. வழக்கமாக ஸ்நேர் டிரம், அதாவது குச்சியால் அடித்தால் 'டப்' என்று வெடிக்கிற சின்ன டிரம், 2ஆவது, 4ஆவது தட்டில் ஓங்கி விழும். கைதட்டும் கூட்டமும் அங்கேதான் தட்டும். கிளைட் 2ஐ அதன் இடத்தில் வைத்தார். 4 விழ வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அரைத் தட்டு தள்ளி விழுகிறது. படியிறங்கும்போது கடைசிப் படி கொஞ்சம் கீழே இருந்தால் வயிற்றில் ஒரு 'திக்' வருமே, அதுதான். அந்தத் திக் பாட்டு முழுக்க வந்துகொண்டே இருக்கிறது, நாமும் அதற்கு ஆடிக்கொண்டே இருக்கிறோம். நடுவில் பிரவுன், டிரம்மருக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று கூவி மற்றவர்களை நிறுத்த, கிளைட் தனியாக ஓடுகிறார்.

இது தவிர 'ஐ காட் தி ஃபீலின்' (1968), 'மதர் பாப்கார்ன்' (1969). அப்புறம், கறுப்பன் என்பதில் எனக்குப் பெருமை என்று உரக்கச் சொல் என்ற பொருளில் வந்த 1968 பாட்டு, 'சே இட் லவுட்'. அதில் பிரவுன் ஒரு வரி சொல்ல, குழந்தைகள் கூட்டமாகப் பதில் சொல்வார்கள். அடியில் கிளைட்.

1968 அமெரிக்காவில் கொந்தளிப்பான வருடம் ஆயிற்றே. இவர்கள் எங்கே இருந்தார்கள்?

நடுவில். ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். பல நகரங்கள் பற்றி எரிந்தன. மறுநாள் பாஸ்டனில் பிரவுனின் நிகழ்ச்சி ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. ரத்து செய்தால் கலவரம் வருமோ, நடத்தினால் வருமோ என்று நகராட்சி குழம்பி, கடைசியில் நிகழ்ச்சியை நடத்தி, உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சியில் நேரலையாகவும் காட்டினார்கள். ஜனம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. அன்று இரவு பாஸ்டன் பெரும்பாலும் அமைதியாகவே கழிந்தது. மேடையில் கூட்டம் ஏறிவிட, பிரவுன் போலீஸை விலக்கிவிட்டுத் தானே பேசி இளைஞர்களை இறக்கிய காட்சி பதிவில் இருக்கிறது. பின்னால் டிரம்ஸில் கிளைட் இருந்தார்.

'ஃபங்கி டிரம்மர்' எப்படி உருவானது?

1969 நவம்பர் 20. சின்சினாட்டியில் கிங் ரெக்கார்ட்ஸின் ஸ்டுடியோ. குழு நிகழ்ச்சி முடித்து அலுத்து வந்திருந்தது. கிளைட் ஏதோ ஒரு பீட்டை வாசித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள், பிரவுனுக்குப் பிடித்துப்போய்ப் பதிவை ஓட்டினார்கள் என்பது கிளைட் சொன்ன கதை.

முழுப் பதிவு ஒன்பது நிமிடத்துக்கும் மேல். கேட்டுப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் நடக்காது. பிரவுன் ஆர்கனைத் தடவிக்கொண்டிருப்பார், மேசியோ பார்க்கர் சாக்ஸபோனில் சுற்றுவார், பிரவுன் நடுநடுவே ஏதோ பேசுவார். ஐந்து நிமிடம் தாண்டியதும் அவருக்கு ஒரு யோசனை. நான் நான்கு எண்ணியதும் எல்லோரும் நிறுத்துங்கள், டிரம்மர் மட்டும் ஓடட்டும் என்கிறார். கிளைட்டிடம், தனி ஆவர்த்தனம் எல்லாம் வேண்டாம், இருப்பதையே பிடித்துக்கொள், விட்டுவிடாதே என்கிற அர்த்தத்தில் ஒரு உத்தரவும் போடுகிறார்.

எண்ணுகிறார். எல்லோரும் நிற்கிறார்கள். எட்டு சுற்று, டிரம்ஸ் மட்டும். அவ்வளவுதான். பிரவுனுக்கு அந்த நிமிடத்திலேயே பிடித்துவிட்டது, அந்தப் பாட்டுக்கு அங்கேயே 'ஃபங்கி டிரம்மர்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

1970இல் இரண்டு பகுதிகளாக இசைத்தட்டில் வந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 20வது இடம், பாப் பட்டியலில் 51. பிரவுனின் கணக்கில் இது சுமாரான பாட்டு. ஜனம் மறந்துவிட்டது.

அந்த 20 விநாடியில் அப்படி என்ன இருக்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. ஒவ்வொரு தட்டையும் நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். வாயால் 'தகதிமி தகதிமி தகதிமி தகதிமி' என்று சொன்னால் 16 எழுத்து. வலது கை ஹை-ஹேட் என்ற இரட்டை உலோகத் தட்டில் இந்த 16ஐயும் ஓட்டுகிறது, ஓரிரண்டு இடத்தில் மட்டும் அந்த உலோகத் தட்டு லேசாகத் திறந்து 'ஷ்ஷ்' என்கிறது. ஸ்நேரில் ஓங்கிய அடி இரண்டே இரண்டு: இரண்டாவது 'தகதிமி'யின் 'த', நாலாவதன் 'த'. கால் பேஸ் டிரம்மை முன்பாதியில் நெருக்கமாகவும் பின்பாதியில் தள்ளியும் மிதிக்கிறது.

இதுவரை சொன்னதை எந்த நல்ல டிரம்மரும் வாசித்துவிடுவார். கிளைட் இருப்பது மிச்சத்தில். ஓங்கிய இரண்டு அடிகளுக்கு நடுவே இடது கை சும்மா இல்லை. குச்சி ஸ்நேரின் தோலை ஒரு அங்குல உயரத்திலிருந்து பேருக்குத் தொட்டுவிட்டு வருகிறது. டிரம்மர்கள் இதைக் கோஸ்ட் நோட் என்பார்கள். காதில் தனி அடியாக விழாது. ஆனால் அதை எடுத்துவிட்டால் பீட் செத்துவிடும். குழம்பில் பெருங்காயம் மாதிரி: இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் தெரியும்.

நான் டிரம்மர் இல்லை, மேஜையில் தட்டுகிற ரகம். பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு இதைத் தட்டிப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரல் 16ஐயும் தட்ட வேண்டும், இடது உள்ளங்கை ஓங்கி இரண்டு, இடது விரல்நுனி நடுவில் மெதுவாக. இரண்டாவது சுற்றிலேயே மெதுவான அடி ஓங்கிவிடுகிறது, ஓங்கிய அடி தளர்ந்துவிடுகிறது. ஒரே கை, கண் இமைக்கும் இடைவெளியில், உரக்கவும் கிசுகிசுப்பாகவும் பேச வேண்டியிருக்கிறது.

மறந்துபோன பாட்டு மறுபடி எப்படி வந்தது?

1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜேக்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பாட்டில் டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில்தான் கூட்டம் உச்சமாக ஆடுகிறது. அந்த இடத்துக்கு 'பிரேக்' என்று பெயர். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் ஆரம்பித்து, அதையே முடிவில்லாமல் நீட்டினார்கள். ராப்பும் அடங்கிய ஹிப்-ஹாப் இசையின் தொடக்கம் இது.

1980களின் நடுவில், பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை ('சாம்பிள்') எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாம்பிளர் இயந்திரங்கள் கைக்கெட்டும் விலைக்கு வந்தன. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற பெட்டியின் மொத்த நினைவகமே சுமார் பத்து விநாடி ஒலிதான். பாட்டு முழுவதையும் வைக்க முடியாது, ஒரு நல்ல டிரம்ஸ் சுற்றை வைக்கலாம். அதே சமயத்தில், 1986இல், பிரவுனின் பழைய பதிவுகளைத் தொகுத்து 'இன் தி ஜங்கிள் குரூவ்' என்ற ஆல்பம் வெளியானது. அதில் 'ஃபங்கி டிரம்மர்' முழு நீளத்துக்கு இருந்தது. போதாததற்கு, அந்த டிரம்ஸ் துண்டையே மூன்று நிமிடத்துக்குத் திரும்பத் திரும்ப ஒட்டிய தனிப் பதிவும் சேர்த்திருந்தார்கள். பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரி ஆயிற்று.

யார் யார் எடுத்தார்கள்?

யார் எடுக்கவில்லை என்று கேட்பது சுலபம். பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவினர் 1987இன் 'ரெபெல் விதவுட் எ பாஸ்' பாட்டிலும் 1989இன் 'ஃபைட் தி பவர்' பாட்டிலும் எடுத்தார்கள். எல்எல் கூல் ஜே எடுத்தார். ரன்-டிஎம்சி எடுத்தார்கள். ராப்போடு நிற்கவில்லை. பாப் பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் 'ஃப்ரீடம்! 90' பாட்டில் இருக்கிறது. எனக்கு மிகவும் ஆச்சரியமானது ஐரிஷ் பாடகி ஷினேட் ஓ'கானர் 1990இல் பாடியது: கல்லறையில் படுத்து அழும் காதலின் பழைய ஐரிஷ் கவிதை, அதற்கு அடியில் சின்சினாட்டி ஸ்டுடியோவில் அலுத்துப்போய் வாசித்த ஒரு கறுப்பினத்தவரின் டிரம்ஸ். பொருந்தவே கூடாது, பொருந்துகிறது.

அப்படியென்றால் கோடிக்கணக்கில் சம்பாதித்திருப்பாரே?

இல்லை. சாம்பிள் எடுத்த பாட்டுகளிலிருந்து அவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. பதிவுக்கு வந்து வாசித்ததற்கு அன்றைக்குக் கூலி. அதோடு கணக்கு முடிந்தது.

அது எப்படிச் சட்டப்படி சாத்தியம்?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று, பாட்டு: மெட்டும் வரியும். இது எழுதியவர் பெயரில் இருக்கும். இன்னொன்று, ஒலிப்பதிவு. இது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்திடம் இருக்கும். 'ஃபங்கி டிரம்மர்' எழுதியவர் என்று பதிவாகியிருப்பது ஜேம்ஸ் பிரவுன். பெயரிலேயே டிரம்மர் இருந்தும் டிரம்மர் பெயர் அதில் இல்லை. டிரம்ஸ் வாசிப்பை 'எழுதியதாக' எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்தத் தொழிலில் இருந்ததில்லை. கூலிக்கு வாசித்தவருக்கு ஒலிப்பதிவிலும் பங்கு கிடையாது.

இன்னும் இரண்டு ஓட்டைகள். அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு நாடு தழுவிய காப்புரிமைப் பாதுகாப்பே அப்போது இருக்கவில்லை, மாநிலச் சட்டங்கள்தான் இருந்தன. 2018இல்தான் அதைச் சரிசெய்யச் சட்டம் வந்தது. அப்புறம், அமெரிக்க வானொலி நிலையங்கள் பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் தர வேண்டும், வாசித்தவருக்குத் தர வேண்டியதில்லை.

1991இல் ராப் பாடகர் பிஸ் மார்கி மீதான வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதி இல்லாமல் சாம்பிள் எடுப்பது திருட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதிலிருந்து சாம்பிளுக்குப் பணம் கட்டும் பழக்கம் வந்தது. ஆனால் கட்டிய பணம் உரிமையாளருக்குப் போனது. கையை ஆட்டியவருக்கு வரும் வழி அப்போதும் திறக்கவில்லை.

அப்படியானால் ராப்காரர்கள் திருடினார்கள் என்கிறீர்களா?

இல்லை. ஒரு டிரம்ஸ் துண்டை எடுத்து வேறொன்றாக ஆக்குவது ஒரு கலைதான். அந்த இளைஞர்களில் பலர் அதை யார் வாசித்தார்கள் என்று தெரியாமலே எடுத்தார்கள், ஆல்பத்தின் மேல் ஜேம்ஸ் பிரவுன் பெயர்தானே இருந்தது. என் வருத்தம் வேறு. கோஸ்ட் நோட்டைக் காகிதத்தில் எழுத முடியாது, ஆகவே அது யாருடைய சொத்தும் இல்லை என்று நினைக்கிற ஏற்பாட்டின் மேல்தான் என் கோபம்.

அவர் கோபப்பட்டாரா?

பெரிதாக இல்லை. எனக்கு மன உளைச்சல் இல்லை, ஆனாலும் ஒருவருடையதை எடுத்துவிட்டுக் காசு கொடுக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்ற அளவில்தான் பேசினார். பணத்தைவிடத் தன் பெயரைப் போட்டிருக்கலாம் என்பதே ஆதங்கம். 2009இல் வந்த 'காப்பிரைட் கிரிமினல்ஸ்' என்ற ஆவணப்படத்தில் இவரைப் பார்க்கலாம்.

இன்னொரு விசித்திரம்: அவருக்கு 'ஃபங்கி டிரம்மர்' பிடிக்காது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்பாராம். 1997இல் வந்த தன் முதல் தனி ஆல்பத்துக்கு, 'ஃபங்கி டிரம்மரின் பழிவாங்கல்' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார். ஆக, உள்ளுக்குள் ஏதோ இருந்திருக்கிறது.

பிரவுனை விட்ட பிறகு என்ன செய்தார்?

1971 வாக்கில் மேடிசனில் குடியேறினார். பல்கலைக்கழக ஊர், பனி அதிகம், டென்னசிக்காரருக்குத் தோதான இடம் இல்லைதான். ஆனால் அங்கேயே வேர்விட்டார். பல ஆண்டுகள் திங்கட்கிழமை இரவுகளில் நகரத்தின் ஒரு கிளப்பில் தன் குழுவோடு வாசித்தார். இருபது வருடத்துக்கும் மேலாக 'வாட் யா நோ' என்ற பொது வானொலி வினாடி வினா நிகழ்ச்சியில் டிரம்ஸ் வாசித்தார்.

யோசித்துப் பாருங்கள். நியூயார்க்கில் அவர் துண்டை வைத்து மேடை அதிர்கிறது, மேடிசனில் அவரே சனிக்கிழமைக் காலையில் வானொலி நகைச்சுவைக்கு நடுவே வாசித்துக்கொண்டிருக்கிறார். அதே ஊரில் உருவான கார்பேஜ் என்ற ராக் குழு 1995இல் தங்கள் முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு அவரை வாசிக்க வைத்தது. டிரம்ஸ் துண்டை வெட்டி எடுக்காமல் ஆளையே கூப்பிட்டார்கள். 2007இல் 'சூப்பர்பேட்' திரைப்படத்தின் பின்னணி இசைக்கு ஜாபோ, பூட்ஸி காலின்ஸ் முதலிய பழைய கூட்டாளிகளோடு மறுபடி ஒன்று சேர்ந்தார்.

பிரின்ஸ் அவருக்கு உதவினார் என்பது?

2000 வாக்கில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது. மருத்துவக் காப்பீடு இல்லை. பல்லாயிரம் டாலர் மருத்துவமனைக் கட்டணத்தைப் பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் கட்டிவிட்டார். 2016இல் பிரின்ஸ் இறந்த பிறகுதான் கிளைட்டே இதை வெளியில் சொன்னார். பின்னாட்களில் சிறுநீரகக் கோளாறுக்காக டயாலிசிஸ் எடுத்துக்கொண்டே வாசித்தார். உள்ளூர் இசைக்காரர்கள் நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்தினார்கள்.

அங்கீகாரம் ஏதாவது கிடைத்ததா?

டிரம்மர்கள் மத்தியில் என்றைக்கும் இருந்தது. 2016இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை வெளியிட்ட நூறு தலைசிறந்த டிரம்மர்கள் பட்டியலில் இவருக்கும் ஜாபோவுக்கும் சேர்த்து 6வது இடம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகம் கௌரவ டாக்டர் பட்டம் அறிவித்தது. 2017 மே மாதம் அது வழங்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

'கோல்ட் ஸ்வெட்' முதலில். இயர்போன் நல்லதாக இருக்கட்டும், போனின் ஸ்பீக்கரில் கோஸ்ட் நோட் கேட்காது. அப்புறம் 'ஐ காட் தி ஃபீலின்'. கடைசியாக 'ஃபங்கி டிரம்மர்', முழு நீளப் பதிவு. நேராக ஐந்தாம் நிமிடத்துக்குத் தாவாதீர்கள். மற்ற வாத்தியங்கள் ஓடும்போதே இடது கை என்ன செய்கிறது என்று தேடுங்கள், கிடைக்காது. பிரவுன் எண்ணி, எல்லோரும் நின்ற பிறகுதான், இவ்வளவு நேரமும் அது அங்கேயே இருந்தது தெரியும்.